சும்மா இருக்கிற நேரம்

“சும்மா இருக்கிற நேரத்தில செய்யிறதுதானே தங்கச்சி, ஒரு அஞ்சு யூரோ போட்டுத் தாருமன்.”

இந்த வசனத்தை ஏழு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். லாச்சப்பலில் கேட்டிருக்கிறோம். கோயில் வீதியில், பிறந்தநாள் மண்டபத்தில், இரவு பத்து மணிக்கு ரெலிபோனில் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் அன்பானவர்கள், எங்கள் பிள்ளைக்கு ரொபி கொண்டுவந்து தருகிறவர்கள். வைது சொல்லியிருந்தால் நாங்களும் இரண்டு வார்த்தை வைதுவிட்டு மறந்திருப்போம். அன்பாகச் சொல்வதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் என்று இங்கே எழுதுவது ஓர் இயக்கத்தையோ சங்கத்தையோ அல்ல. பாரிஸின் வடக்குப் புறநகரில் இரண்டு அறை வீடொன்றில் இருக்கும் இரண்டு பேரை. ஒருவர் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவி, சலாட் வெட்டி, நள்ளிரவு கடைசி றெயினைப் பிடித்து வருகிறவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வர்த்தகம் படித்துக்கொண்டிருந்தவர். 2012 கார்த்திகையில் மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனதன் பிறகு, இரண்டாம் வருடத்தோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்தவர். மற்றவர் வீட்டில் பட்டுநூல் ஜிமிக்கியும் வளையலும் களிமண் பதக்கமும் கடதாசிச் சுருள் தோடும் செய்கிறவர். எழுதுவது முதலாமவர். பக்கத்தில் இருந்து ‘அது அப்பிடி இல்லை’ என்று திருத்துவது இரண்டாமவர்.

சந்தோசத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் ‘இவ்வளவு கஷ்டமென்றால் ஏன் செய்கிறீர்கள்’ என்று கேட்பீர்கள்.

கோப்பை கழுவுகிறவனுக்கு வேலை முடிவதில்லை. அவன் கழுவி அடுக்கிய தட்டு நாற்பது நிமிடத்தில் சோஸும் எலும்புமாக அவனிடமே திரும்பி வரும். அதே தட்டுத்தான். அடியில் சின்ன வெடிப்பு இருக்கிறதே, அதை வைத்து அடையாளம் கண்டுகொள்வான். ஒன்பது மணித்தியாலம் நின்றபின் அவனுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஜிமிக்கி அப்படியல்ல. அது முடிந்தால் முடிந்ததுதான். இரவு ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறபோது, இன்றைக்கு இந்த உலகத்தில் நேற்று இல்லாத ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் வரும். அந்த எண்ணத்துக்காக நாங்கள் நித்திரையை விட்டிருக்கிறோம்.

செய்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் கேட்கிறவர்களுக்கு அது தெரியாது. ஜிமிக்கிக்குக் குடைபோல ஒரு பிளாஸ்ரிக் அச்சு. உச்சியில் ஒரு துளை. நூலை இருபது இழையாகச் சேர்த்து, நுனியைப் பசையால் ஒட்டி, ஊசியில் கோத்து, உள்ளேயிருந்து துளைக்குள்ளால் மேலே எடுத்து, குடையின் முதுகில் படியவைத்து, திரும்ப உள்ளே விட்டு… இப்படிச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். இருபது இழையும் வாரிவிட்ட தலைமயிர் போலப் படிய வேண்டும். ஓர் இழை முறுகினால் வெளிச்சம் அந்த இடத்தில் முறியும். முறிந்தால் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவதுதான், வேறு வழியில்லை. பட்டுநூல் என்பது வெறும் பெயர். நாங்கள் வாங்குவது செயற்கைப்பட்டு. ஆனால் உண்மைப் பட்டைவிட அதற்குத்தான் வீம்பு கூட.

உணவகத்துக்குப் போகிறவரை அந்த நூலில் கைவைக்க விடுவதில்லை. சவர்க்காரத் தண்ணீரிலும் கோப்பை கழுவும் மெசினின் ஆவியிலும் வெடித்துப்போன விரல்கள். இழை ஒவ்வொன்றும் வெடிப்பில் கொழுவிப் பிசிறாகிவிடும். எண்ணெய் பூசினால் நூல் கறைபடும், பசை பிடிக்காது. ஆகவே அவருக்குக் கம்பி வளைப்பதும் கொக்கி மாட்டுவதும் வெட்டுத்துண்டுகளைப் பொறுக்குவதும்தான் பங்கு. வெள்ளைக் களியையும் தொடவிடுவதில்லை, நகக்கண்ணில் மஞ்சள் இருக்கும். ஒருமுறை ஒரு முழுத் தொகுதி வெள்ளைப் பூக்களும் இளமஞ்சளாகிப் போயின. ‘இது புது டிசைன்’ என்று சொல்லி விற்றோம். நாலு சோடியும் போய்விட்டது.

சுட்டமண் நகை செய்ய வெளிக்கிட்ட கதை இதைவிட மோசம். ஒரு பழைய தகரத்துக்குள் கரி போட்டுப் பல்கணியில் சுடப் பார்த்தோம். பிரான்சில் 2015 பங்குனியிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் புகை மணி இருக்கவேண்டும் என்பது சட்டம். அது அலறியதில் மேல்வீட்டுக்காரி நெருப்புப் படைக்கு ரெலிபோன் எடுக்கப் போய்விட்டா. அன்றோடு சுட்டமண் முடிந்தது. இப்போது சமையல் அடுப்பிலேயே 110, 130 பாகையில் இறுகுகிற பிளாஸ்ரிக் களிதான். அதையும் சோறு கறி வேகிற நேரம் போடக்கூடாது. மணம் பிடிக்கும்.

இனிக் கணக்கு. வர்த்தகம் பாதியில் விட்டவர் கணக்குப் பார்க்காமல் இருப்பாரா?

ஒரு சோடி ஜிமிக்கிக்கு அச்சு, நூல், கல்லுச் சங்கிலி, முத்து, கொக்கி எல்லாம் 2 யூரோ 20 சதம். வேலை 1 மணி 25 நிமிடம். இது கடைசி ஐம்பது சோடிக்கு மணிக்கூட்டைப் பார்த்து எழுதி எடுத்த சராசரி. நாங்கள் விற்ற விலை 8 யூரோ. சுயதொழில் என்று பதிந்து வைத்திருப்பதால் விற்ற தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குச் சற்று மேல் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். அது ஏறத்தாழ 1 யூரோ. மிச்சம் 4 யூரோ 80 சதம். மணிக்குக் கணக்கிட்டால் 3 யூரோ 40 சதம்! 2024 கார்த்திகையில் இந்த நாட்டின் ஆகக்குறைந்த சம்பளம் மணிக்கு 11 யூரோ 88 சதமாக உயர்ந்தது. அப்போது வெட்டுப்போகக் கையில் கிடைத்தது 9 யூரோ 40 சதம் அளவில். அதாவது எங்கள் வீட்டில், எங்கள் மேசையில், எங்கள் விளக்கின் கீழே, மின்சாரக் காசும் நாங்களே கட்டி, ஒரு கோப்பை கழுவுகிறவனுடைய கூலியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தோம். ‘அஞ்சு யூரோ போட்டுத் தாருமன்’ என்கிற அக்காவுக்குக் கொடுத்திருந்தால் மணிக்கு 1 யூரோ 50 சதம் அளவில்தான் வந்திருக்கும்.

இப்போது எங்களுடைய கேள்வி. அந்த அக்காவின் கணவரும் சமையலறையில்தான் நிற்கிறார். கூடுதல் நேரத்துக்குக் காசு தரவில்லை என்று முதலாளியோடு சண்டை பிடித்து, தொழிற்சங்கத்துக்குப் போய், வழக்குப்போட்டு வென்றவர். அதை எங்களுக்கு மூன்று மணித்தியாலம் சொல்லியிருக்கிறார். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறோம். அந்த வீட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எப்படி எங்கள் வீட்டு மணித்தியாலம் மாத்திரம் ‘சும்மா இருக்கிற நேரம்’ ஆகியது?

நாங்கள் நினைக்கிறோம், இது இங்கே வந்து தொடங்கிய வருத்தமில்லை. நாங்கள் நகையை நிறுத்துப் பார்த்துப் பழகிய ஆட்கள். எத்தனை பவுண்? அதுதான் முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். தாலிக்கொடியைப் பற்றிப் பேசுகிறபோது யாராவது அதன் வேலைப்பாட்டைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பவுணுக்கு எட்டுக் கிராம் என்று பெருக்கிப் பார்ப்பார்கள். ஊரில் உமியோட்டுக்கு முன்னால் குந்தியிருந்து ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் கெட்டுப்போன பத்தருக்குக் கொடுத்த கூலியை மாத்திரம் எப்போதும் ஒரு தண்டம்போலத்தான் கொடுத்தோம். பெற்ற தாயின் பொன்னிலும் களவெடுப்பான் என்று அவருக்கு ஒரு பழமொழியும் கட்டி வைத்தோம். பனையோலையில் பெட்டியும் கடகமும் நீத்துப்பெட்டியும் இழைத்த பெண்களிடம் சந்தையில் நின்று ஐம்பது சதத்துக்குப் பேரம் பேசினோம். அவர்கள் ஓலை வார்ந்த நேரத்தையும் காயவைத்த நேரத்தையும் யார் எண்ணினோம்? செய்கிற கையைச் சாதித் தட்டில் எங்கே வைத்தோம், அணிகிற கழுத்தை எங்கே வைத்தோம் என்று இதை வாசிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நிறையில்லாத நகைக்குப் பெறுமதி இல்லை என்பது அங்கேயிருந்து சூட்கேசில் வந்தது. நூல் ஜிமிக்கி தராசில் என்ன காட்டும்?

எங்களில் ஒருவருக்கு நினைவு தெரிந்த காலம் பொருளாதாரத் தடைக்காலம். மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டு விளக்கெரித்தார்கள். அம்மா ரொபித் தாளை மடித்து மடித்து வாசலுக்குத் தொங்கல் செய்வா. அது வீட்டில் இருந்த ஒரே அலங்காரம். 1995இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது அதைக் கழற்றிக்கொண்டு வரவில்லை. கைவேலை என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தொங்கல்தான். அப்போதும் அம்மாவைச் சும்மா இருந்தா என்றுதான் சொன்னார்கள்.

‘வீட்டு வேலைக்கு எப்படியப்பா மணிக்கணக்குப் பார்ப்பது’ என்று படித்த நண்பர் ஒருவர் கேட்டார். பார்த்திருக்கிறார்கள். இந்த நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து உடுப்புத் தைத்த பெண்களை வியாபாரிகள் உறிஞ்சித் தள்ளிய காலத்தில், 1915 ஜூலை 10ஆம் திகதி ஒரு சட்டம் வந்தது. சாதாரணத் திறமையுள்ள ஒருத்தி பத்து மணித்தியாலம் தைத்தால் ஒரு குறைந்தபட்சக் கூலி கிடைக்கும்படி துண்டுக்கு விலை வைக்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம். இன்று எங்களுடைய ஆண்கள் நெஞ்சை நிமிர்த்திப் பேசுகிற ஆகக்குறைந்த சம்பளச் சட்டத்துக்கு எத்தனையோ வருடம் முந்தியது அது. வீட்டில் ஊசி பிடித்த பெண்களுக்காக வந்தது. சர்வதேசத் தொழில் அமைப்பும் 1996இல் வீட்டு வேலையாட்களுக்கென்று தனியாக ஓர் உடன்படிக்கை எழுதியது. எங்களுக்கு வேலை தருகிற முதலாளி என்று ஒருவர் இல்லை, ஆகையால் இந்தச் சட்டங்கள் எங்களைக் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் கணக்குப் பார்க்க முடியாது என்று மாத்திரம் சொல்லாதீர்கள்.

போன வருடம் ஒரு சாமத்திய வீட்டுக்கு ஓடர் வந்தது. வருகிறவர்களுக்குக் கொடுத்தனுப்ப 150 சோடி நூல் வளையல். பிள்ளையின் சேலை நிறமான மயில் கழுத்துப் பச்சையில், வலைப் பையில் போட்டு, பையில் பெயரும் எழுதி. சோடி 3 யூரோ என்று பேசி முடித்தோம். ஒரு சோடிக்கு 25 நிமிடம், சாமான் 90 சதம். அறுபத்திரண்டரை மணித்தியாலம். பத்தொன்பது இரவு. கடைசி மூன்று இரவும் பிள்ளையை அயல் வீட்டு அன்ரியிடம் விட்டுவிட்டுச் செய்தோம். கட்டவேண்டியதைக் கட்டிச் சாமான் காசைக் கழித்தால் மிச்சம் 260 யூரோ வரும் என்பது எங்கள் கணக்கு. அதுவும் மணிக்கு 4 யூரோ சொச்சம்தான். சம்மதித்தது நாங்கள்தான், அதில் குறை சொல்லவில்லை.

விழா முடிந்து நாலாம் நாள் ஒரு பை வந்தது. உள்ளே 17 சோடி. “கனபேர் வரேல்லை, மிஞ்சிப்போச்சு. இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு அம்பத்தொரு யூரோவைக் கழியுங்கோ.” எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வராத விருந்தாளிகளுக்காக மண்டபக்காரர் காசு திருப்பிக் கொடுத்தாரா? ஐந்து தட்டுக் கேக் செய்தவர் மிஞ்சிய துண்டுகளைத் திருப்பி எடுத்தாரா? வானத்தில் கமரா பறக்கவிட்டவர், வராத தலைகளை எண்ணிக் கழித்தாரா? அவர்களிடம் கேட்க அந்த வீட்டுக்காரருக்கு வெட்கமாக இருந்திருக்கும். எங்களிடம் வெட்கம் தேவைப்படவில்லை. நாங்கள் ஆட்கள், வியாபாரிகள் அல்ல. நாங்கள் காசைக் கழித்தோம். அதைத்தான் இன்றைக்கும் எங்களால் செரிக்க முடியவில்லை.

‘பண்பாட்டு’ விழாக்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மேசை போட 60 யூரோ வாங்கினார்கள். பிறகு, ‘சமூகத்துக்கு ஒரு பங்களிப்பாக’ அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கு மூன்று சோடி இலவசமாகக் கேட்டார்கள். கொடுத்தோம். மேடையில் ஒரு பெரியவர் எங்களுடைய கைவினைக் கலைகள் அழிந்துகொண்டு போகின்றன என்று முக்கால் மணித்தியாலம் வருந்தினார். வருந்திவிட்டு இறங்கி வந்து, பேரப்பிள்ளைக்கு ஒரு தோட்டை எடுத்துப் பார்த்து, “இது சீனன்ர கடையில மூண்டு யூரோ எல்லே?” என்றார். மெய்தான் ஐயா. யீவூவிலிருந்து கொள்கலனில் வருவது மூன்று யூரோதான். அதைச் செய்தவளின் மணித்தியாலத்தையும் யாரோ ‘சும்மா’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பிரெஞ்சுக்காரர் திறம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நத்தார்ச் சந்தையில் அவர்கள் பேரம் பேசுவதில்லை, 15 யூரோ என்றால் எடுத்துத் தருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு கதை வேண்டும். ‘இது உங்கள் பாட்டி கற்றுத்தந்ததா? பழைய பாரம்பரியமா?’ என்று கண்ணை விரிப்பார்கள். எங்கள் அம்மம்மா நூல் ஜிமிக்கியைக் கண்டதே இல்லை. இந்த வேலையை நாங்கள் படித்தது சென்னைப் பெண் ஒருவர் யூரியூப்பில் போட்ட வீடியோவைப் பார்த்து. உண்மையைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. ஓரிரு தடவை அம்மம்மா என்று பொய் சொல்லியும் விற்றிருக்கிறோம். பாவம் அவ.

மற்றவர்களை மாத்திரம் ஏசிவிட்டுப் போனால் அது பம்மாத்து. எங்களுடைய குற்றமும் இருக்கிறது. தொடக்கத்தில் ஆட்களைப் பிடிக்க வேண்டும் என்று 8 யூரோ விலை வைத்தது நாங்கள். அதே வேலையைச் செய்கிற இன்னொரு பெண், கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர், ஒருநாள் ரெலிபோனில் கேட்டார்: “நீங்கள் எட்டுக்குக் குடுத்தா நான் எப்பிடிப் பன்னிரண்டுக்கு விக்கிறது? உங்களுக்கு ஒரு சம்பளம் வருது. எனக்கு இதுதானே வருது.” பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் மலிவுக்கு உணவகச் சம்பளம் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த முட்டு இல்லாதவரை நாங்கள் விழுத்திக்கொண்டிருந்தோம்.

மலிவான கொக்கி வாங்கியதும் நாங்கள்தான். ஒரு பிள்ளையின் காது சிவந்து தண்ணீர் வடிந்தது. நிக்கல். காதில் போடுகிற நகையில் அது எவ்வளவு கசியலாம் என்று ஐரோப்பாவில் 1994இலேயே கட்டுப்பாடு எழுதியிருக்கிறார்கள். அதை நாங்கள் அறிந்தது அந்தத் தாயின் ஏச்சுக்குப் பிறகு. காசைத் திருப்பிக் கொடுத்து, மிச்சக் கொக்கி எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, துருப்பிடிக்காத உருக்குக்கு மாறினோம். அந்த ஏச்சு நியாயமான ஏச்சு.

இன்னொன்று. உணவகத்துக்குப் போகிறவர் வெளியில் ஒன்பது மணித்தியாலம் மற்றவர்களின் தட்டைக் கழுவுகிறவர். வீட்டுத் தட்டை யார் கழுவினது? நூல் சுற்றுகிறவர்தான், நாலு வருடமாக. ‘உமக்குப் பொழுதுபோக்கு, எனக்கு வேலை’ என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லியும் இருக்கிறார். ஆகவே அந்த முதல் வசனத்துக்குச் சொந்தக்காரி லாச்சப்பல் அக்கா மாத்திரமல்ல. இந்தப் பந்தியைச் சேர்க்கச் சொன்னது பக்கத்தில் இருப்பவர். சேர்க்காவிட்டால் கட்டுரையை அனுப்ப விடமாட்டாவாம்.

போன மாசியிலிருந்து ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். ஒவ்வொரு சோடியிலும் சின்ன மட்டை ஒன்று தொங்கும். அதில் விலை 18 யூரோ. அதற்குக் கீழே ‘1 மணி 25 நிமிடம்’ என்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறோம். பதினெட்டு எங்கிருந்து வந்தது என்பவர்கள் மேலே சொன்ன கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: சாமான் காசு, ஆகக்குறைந்த கூலி, கட்டவேண்டியது. ஒரு சதம் இலாபம் இல்லை. ஓடர்கள் பாதிக்குக் கீழே விழுந்துவிட்டன. ‘தலைக்கனம் வந்திட்டுது’ என்று ஒரு கதை. ‘சொந்தச் சனத்திட்டையே மணிக்கணக்குப் பாக்கினம்’ என்று இன்னொரு கதை. அந்த இரண்டு பிள்ளைகளின் தாய் மாத்திரம் ரெலிபோன் எடுத்து, தானும் 18 என்று போட்டுவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேரும் பட்டினி கிடந்தால் சேர்ந்து கிடப்போம் என்று சிரித்தார்.

மயில் கழுத்துப் பச்சை வளையல் பதினேழு சோடியும் இன்னும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. பெயர் எழுதியதால் விற்க முடியாது.

18 யூரோ மட்டையோடு முதலாவது சோடியை வாங்கியது எங்கள் ஆட்கள் யாருமில்லை. உணவகத்தில் பக்கத்துத் தொட்டியில் நிற்கிற மாலி நாட்டுக்காரர். மனைவிக்கு ஒன்று வேண்டும் என்றார். கைதுடைத்துவிட்டு மட்டையைப் பிடித்து, முதலில் கீழ்வரியைத்தான் வாசித்தார். ஒரு மணி இருபத்தைந்து. உதட்டுக்குள் ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு இருபது யூரோத் தாளை எடுத்து நீட்டி, மிச்சம் இரண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இதே மாதிரி மஞ்சளில் இருக்கிறதா என்று கேட்டார்.